உளவாளிக்குப் பக்கத்தில் நிற்பவர்கள்

மச்சானோடு உட்கார்ந்து படம் பார்ப்பது பெரிய இம்சை. திரையில் கார் பறந்துகொண்டிருக்கும்போது, அந்தக் காரை அங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனவன் எப்படி வீட்டுக்குப் போயிருப்பான் என்று கேட்கிற மனிதரோடு எப்படிப் படம் பார்ப்பது?

அவர் என் மனைவி ஸ்டெல்லாவின் அண்ணன். செல்லூரில் எங்கள் வீட்டு மாடி அறையில்தான் கடைசி வரைக்கும் இருந்தார். நான் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்து, கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் காலை நீட்டினால் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கும்.

"மாப்ள, இன்னைக்கு உளவாளி போட்ருக்கானா?"

வெளிநாட்டு உளவாளி ஒருவனை வைத்து வரிசையாக வந்துகொண்டிருந்த படங்கள் அவை. தமிழில் பேசவைத்து டிவியில் போடுவார்கள். பாகத்துக்குப் பாகம் ஊர் மாறும், வில்லன் மாறுவான், கூட ஆடுகிற பெண் மாறுவாள். மாறாமல் வருகிறவர்கள் மூன்று பேர். உளவாளியின் ஆபீசில் அவனுக்குப் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் எடுத்துக் கொடுக்கிற பெண். தரைக்கடியில் பட்டறை வைத்து அவனுக்கு வெடிக்கிற சாமான்களாகச் செய்து தருகிற கிழவர். இன்னொரு நாட்டு உளவுத்துறையில் இருந்துகொண்டு ஆபத்தில் வந்து கைகொடுக்கிற நண்பன். படத்தில் இவர்களுக்கு இருந்த பெயர்கள் மச்சான் வாயில் நுழையாது. ஆபீஸக்கா, பட்டறைப் பெரியவர், வெளியூர்ச் சேக்காளி என்று அவரே பெயர் வைத்துக்கொண்டார். நானும் ஸ்டெல்லாவும்கூட நாளாவட்டத்தில் அப்படியே சொல்ல ஆரம்பித்துவிட்டோம்.

உளவாளி மலையிலிருந்து குதிப்பான். மச்சான் வேட்டியில் ஒட்டியிருக்கிற நூலைப் பிரித்துக்கொண்டிருப்பார். ஆபீஸக்கா வந்து ஒரு கவரை நீட்டினால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

"பாரு, அவன் கவர வாங்குறான். மொகத்தப் பாக்குறானா? எத்தன படமா அது கவர் குடுக்குது."

ஒரு தடவை புதுப் பாகம் வந்தபோது தியேட்டருக்கே கூட்டிப் போனேன். இடைவேளையில் முறுக்கை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் நின்றார். என்னவென்று கேட்டேன்.

"வெளியூர்ச் சேக்காளிய மாத்திப்புட்டாங்கெ மாப்ள. இது வேற ஆளு. பேரு மட்டும் அதே பேரு."

"உளவாளியவே ரெண்டு தடவ மாத்திட்டாங்களே மச்சான்."

"அத டீக்கடையில பேசுறாய்ங்க, பேப்பர்ல போடுறாய்ங்க. இவன மாத்துனத ஒருத்தனும் கேக்கலையே. இம்புட்டுப் பேரு உக்காந்து பாக்குறோம், ஒருத்தனுக்காவது தெரிஞ்சுச்சா?"

எனக்கும் தெரிந்திருக்கவில்லை. ஆனால் அதற்காக மீதிப் படம் முழுக்க எரிச்சலோடு பெருமூச்சு விட்டுக்கொண்டு இருப்பதா?

அதே படத்தில் ஒரு படகுக்காரன் வருவான். உளவாளியைக் கடல் தாண்டிக் கொண்டுபோய் விடுவான். கரைக்கு வந்ததும் எங்கிருந்தோ ஒரு குண்டு வந்து அவனைச் சாய்த்துவிடும். உளவாளி திரும்பிப் பார்த்துவிட்டு ஓடுவான், அவ்வளவுதான். படம் முடிந்து பைக்கில் வந்தோம். வைகைப் பாலத்தில் நல்ல நெரிசல். பின்னால் இருந்து என் தோளைத் தட்டினார்.

"அந்தப் படகுக்காரனுக்கு வீடு வாசல் இருக்கும்ல. யாரு போயிச் சொல்லிருப்பா?"

"மச்சான், அது படம்."

"படந்தேன். ஒரு சீன் வச்சா என்ன கொறஞ்சா போவாங்கெ?"

எங்கேயும் அவர் கண் அப்படித்தான் போகும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை விட்டுவிட்டு, வீடியோக்காரருக்கு லைட் பிடித்து நிற்கிறவரிடம் போய்ச் சாப்பிட்டாரா என்று கேட்பார். அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டில் எல்லோரும் வாடிவாசலைத் தாண்டி வருகிற மாட்டைப் பார்த்தால், இவர் வாசலுக்கு உள்ளே நின்று மூக்கணாங்கயிற்றை அறுத்துவிடுகிற ஆளைப் பற்றிப் பேசுவார். இவ்வளவு தெரிந்த மனிதர். அதுதான் என்னால் தாங்க முடியாத விஷயம்.

ஏனென்றால் மச்சானும் ஒருவனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் இருந்தார். அவன் பெயர் தனபால். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். தனபால் துண்டு, லுங்கி வியாபாரத்தில் மேலே வந்து, தறிகள் வைத்து, கல்யாண மண்டபம் கட்டி, செல்லூரில் பத்துப் பேர் வணக்கம் வைக்கிற ஆளாகிவிட்டான். மச்சான் அவனுக்கு டிரைவர். டிரைவர் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. அவன் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும், மகளை டியூஷனில் விடுவதும், மண்டபத்தில் தண்ணீர் வரவில்லை என்றால் ஓடுவதும் இவர்தான். யாராவது 'டிரைவர்' என்றால் திருத்துவார். "சேக்காளி."

தனபால் ஒரு காளை வைத்திருந்தான். வைத்திருந்தது அவன், வளர்த்தது மச்சான். விடியும் முன்னே எழுந்து போய்த் தண்ணி காட்டி, கண்மாயில் நீச்சல் பழக்கி, மண்மேட்டில் குத்தவிட்டு வளர்த்தார். ஒரு வருஷம் அந்தக் காளை ஒருவன் கையிலும் சிக்காமல் போனது. மைக்கில் "செல்லூர் தனபால் காளை, செல்லூர் தனபால் காளை" என்று கத்தினார்கள். தனபால் மேடையேறிப் பீரோவைப் பரிசாக வாங்கினான். மாலை போட்டார்கள். நான் கூட்டத்தில் மச்சானைத் தேடினேன். காணோம். காளை நிற்காமல் வயல்காட்டுப் பக்கம் ஓடிவிட்டது, இவர் அதன் பின்னாலேயே ஓடிவிட்டார். எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு முழங்கையெல்லாம் சிராய்ப்போடு மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"என்ன பரிசு மாப்ள?"

"பீரோ."

"நல்ல பீரோவா?" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

அந்தப் பீரோ தனபால் வீட்டுக்குத்தான் போனது. மாடி ஏற்றியதும் இவர்தான்.

அவருக்குக் கல்யாணம் ஆகாமல் போனதும் இப்படித்தான். அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பெண். நல்ல குடும்பம், அந்தப் பெண் அங்கன்வாடியில் வேலை பார்த்தாள். பெண் பார்க்கப் போகிற அன்றைக்கு நாங்கள் எல்லோரும் வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டோம். மச்சானுக்குப் போன் வந்தது. தனபாலின் மாமனாருக்கு நெஞ்சு வலி. "இந்தா வாரேன், நீங்க முன்னாடி போங்க" என்று இறங்கிப் போனவர்தான். அங்கே அந்த வீட்டில் பஜ்ஜி ஆறி, காபி ஆறி, நாங்கள் மாப்பிள்ளை இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பெண்ணின் அப்பா கடைசியில் மரியாதையாகத்தான் சொன்னார். "அவருக்கு வேற சோலி நெறைய இருக்கும்போல. பெறகு பாப்போம்." மாமனாருக்கு வந்தது வாயுக் கோளாறு என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

ஸ்டெல்லா அன்றைக்கு அவரோடு பேசவில்லை. நான் பேசினேன்.

"டிவியில படகுக்காரனுக்கு யாரு இருக்கான்னு கேக்குறீங்களே மச்சான். உங்களுக்கு யாரு இருக்கா?"

"நீங்கள்லாம் இருக்கீங்கள்ல" என்றார். அதற்கு மேல் என்ன பேசுவது?

ஆனால் அவர் என்னை உண்மையிலேயே பைத்தியமாக்கியது சமயநல்லூர் விவகாரத்தில்தான்.

தனபால் புதுக் கார் வாங்கிய சமயம். திண்டுக்கல் போய்விட்டு வருகிற வழியில் அவனுக்கே ஓட்ட வேண்டும் என்று ஆசை வந்திருக்கிறது. மச்சான் சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். சமயநல்லூர் தாண்டும்போது சாலையோரம் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் மேல் கார் ஏறிவிட்டது. பேச்சியம்மா என்று பெயர். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மச்சான் இறங்கி, அந்தம்மாவைத் தூக்கி, ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், காரை ஓட்டியது தான்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

செய்தி தெரிந்து நான் ஸ்டேஷனுக்கு ஓடினேன். வெளியே வேப்பமரத்தடியில் தனபாலின் வக்கீலோடு நின்றுகொண்டிருந்தார். சட்டையில் அந்தம்மாவின் ரத்தம் காய்ந்திருந்தது.

"மச்சான், நீங்க ஓட்டலையே."

"வண்டி என் பொறுப்பு மாப்ள."

"ஓட்டுனது யாரு?"

"ஆசையாக் கேட்டான். சாவியக் குடுத்தது நாந்தானே." பிறகு, "அவன் மகளுக்கு அடுத்த மாசம் கல்யாணம்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "டிவியப் பாத்துப் பாத்து உளவாளியத் திட்டுனீங்கள்ல. கூட இருக்கவன விட்டுட்டு ஓடுறான்னு. இப்ப நீங்க என்ன பண்றீங்க?"

"அது வேற மாப்ள. அந்த உளவாளி ஆபீஸக்காவோட, பெரியவரோட படிச்சானா, ஒண்ணா வளந்தானா? ஆபீசுல பழக்கம். தனபால் அப்படியா?"

மறுநாள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பேச்சியம்மா பெண்கள் வார்டில் ஓரத்துக் கட்டிலில் படுத்திருந்தார். ஒல்லியான உடம்பு, பேச்சு மட்டும் கணீரென்று இருந்தது. மச்சானைப் பார்த்ததும் என்னிடம் கை காட்டினார்.

"இந்தத் தம்பிதேன் என்னத் தூக்குனது. வண்டி ஓட்டுனவரு எறங்கவே இல்ல. கண்ணாடியக்கூட எறக்கல. நான் அவரு மொகத்தப் பாத்துக்கிட்டேதான் கெடந்தேன்."

"போலீசு கேட்டா இத அப்படியே சொல்லுங்கம்மா" என்றேன்.

மச்சான் கட்டில் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். "அம்மா, நான்தான் ஓட்டுனேன்னு சொல்லிருங்க. ஒங்களுக்கு எந்தக் கொறையும் வராம நான் பாத்துக்கிறேன்."

அந்தம்மா அவர் பக்கம் திரும்பினார். "அடிபட்டது நானு. யாரு அடிச்சான்னு நான் சொல்லக் கூடாதாப்பா?"

ஆனாலும் மச்சான் தினமும் தூக்குவாளியில் கஞ்சி எடுத்துக்கொண்டு போய், தினமும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். மச்சானும் முதல் நாளே கூண்டில் ஏறி ஒப்புக்கொண்டார். நீதிபதி ஒரு நடுத்தர வயதுப் பெண். அடி பலமான அடி, சாட்சியை விசாரிக்காமல் முடிக்க முடியாது என்று சொல்லிவிட்டார். வாய்தா வாய்தாவாகப் போய், ஒருநாள் பேச்சியம்மா ஊன்றுகோலோடு வந்தார். அவருக்கு நாற்காலி போடச் சொன்னார்கள்.

வண்டியை ஓட்டிவந்தது இவர்தானா என்று கேட்டார்கள்.

"இவரு இல்லைங்கம்மா. இவரு என்னத் தூக்குனவரு. ஓட்டுனது வேற ஆளு."

நான் பின்பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு விட்டேன். முடிந்தது, மனிதர் தப்பித்தார் என்று நினைத்தேன். கூண்டிலிருந்து மச்சானின் குரல் கேட்டது.

"அம்மா, அவங்க அப்ப மயக்கத்துல இருந்தாங்க. நான்தான் ஓட்டுனேன்."

"எனக்கு ஒரு மயக்கமும் இல்ல" என்றார் பேச்சியம்மா. "இடுப்புதேன் ஒடிஞ்சுச்சு. கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு."

கோர்ட்டில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. மச்சானைப் பேசாமல் நிற்கச் சொன்னார். ஓட்டியவர் இவர்தான் என்பது நிரூபணம் ஆகவில்லை என்று பிறகு விடுதலை செய்துவிட்டார்கள். விடுதலையான மனிதர் வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். போலீஸ் மறுபடியும் தோண்டி, தனபாலைப் பிடித்துவிடுவார்களோ என்று பயம். யாரும் தோண்டவில்லை. தனபால் மகள் கல்யாணம் எப்போதோ நல்லபடியாக நடந்து முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு தனபால் இவரைக் கூப்பிடவில்லை. அந்தம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்தது நாங்கள்தான் என்று அவன் ஆட்களிடம் சொன்னானாம். வேறு ஒருவரை டிரைவராகப் போட்டுக்கொண்டான். காளைக்கும் வேறு ஆள். மச்சான் காலையில் எழுந்து குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார். நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போதும் அப்படியே இருப்பார், மத்தியானம் ஸ்டெல்லா சாப்பிடக் கூப்பிடும்போதும் அப்படியே இருப்பார்.

"வேலையா இருப்பான். ரெண்டு நாள்ல கூப்புடுவான் பாரு."

"கூப்புட மாட்டான் மச்சான்."

"ஒனக்கு அவனத் தெரியாது மாப்ள."

எங்கள் பள்ளிக்கூட வேன் ஓட்டச் சொல்லி அழைத்துப் போனேன். ஒரு வாரம் ஒழுங்காக வந்தார். பிறகு தனபாலின் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, வேனைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டு அங்கே போய் உட்கார்ந்துவிட்டார். யாரும் வரச்சொல்லவில்லை. வராந்தாவில் நாள் முழுக்க இருந்தாராம், தனபால் அவரைத் தாண்டித் தாண்டிப் போனானாம். பிள்ளைகளை வீட்டில் விட ஆள் இல்லாமல் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டுக் கேட்டதை இப்போது நினைத்தாலும் எனக்குக் காது சுடுகிறது.

உருப்படியாக அவர் செய்த ஒரே காரியம், பஸ் ஏறிச் சமயநல்லூர் போய்ப் பேச்சியம்மாவைப் பார்த்துவிட்டு வந்ததுதான். அந்தம்மா மறுபடி கடை போட்டபோது சாக்கு விரித்துக் கொடுத்து, மூட்டையை இறக்கிக் கொடுத்துவிட்டு வருவார். வரும்போது ஒரு பை கொய்யா வரும். அதைத் தின்றுகொண்டேதான் நாங்கள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போனார். ஸ்டெல்லா மோர் எடுத்துக்கொண்டு போனபோது எழுந்திருக்கவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு நெஞ்சுதான் என்றார்.

மறுநாள் காலையில் எங்கள் சந்து முனையில் பெரிய பிளக்ஸ் ஒன்று நின்றது. தனபாலின் ஆட்கள் வைத்தது. தனபால் ஆள் உயரத்துக்கு மேல் வெள்ளை வேட்டி சட்டையில் கைகூப்பி நின்றான். கீழே மூலையில் ஒரு சின்ன வட்டத்துக்குள் மச்சான். ஏதோ விசேஷத்தில் எடுத்த படத்திலிருந்து வெட்டியிருந்தார்கள். தோளில் மோதிரம் போட்ட யாருடைய கையோ மட்டும் மிச்சமிருந்தது. 'செல்லூர் தனபால் அவர்களின் வலது கரம்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, அதற்குக் கீழே பொடி எழுத்தில் அவர் பெயர். அதிலும் ஓர் எழுத்து பிழை.

பத்து மணிவாக்கில் தனபால் வந்தான். சந்துக்கு அந்தக் கடைசியில் காரை நிறுத்திவிட்டு, பிளக்ஸுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். தெரு ஆட்கள் வரிசையாகப் போய் அவன் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். "ஒங்களுக்குத்தாண்ணே பெரிய இழப்பு" என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. கூடப் பிறந்தவள் உள்ளே சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அழுதுகொண்டிருக்கிறாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சாவு வீட்டில் சண்டை போட வேண்டாம் என்று ஸ்டெல்லா சொல்லியிருந்தாள்.

அப்போதுதான் பேச்சியம்மா வந்தார். பஸ் ஸ்டாப்பிலிருந்து ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி நடந்து வந்திருக்கிறார். பிளக்ஸுக்கு முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தார். நான் பக்கத்தில் போனேன்.

"இவரா செத்தது?" என்றார். "எனக்கு நம்ம தம்பின்னுல்ல சொன்னாக."

"கீழ பாருங்கம்மா. அந்த வட்டத்துக்குள்ள."

குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தோளில் இருந்த அந்தக் கையைத் துடைக்கிற மாதிரி விரலால் ஒரு தடவை தேய்த்தார். பிறகு மறுபடி மேலே பார்த்தார்.

"அப்ப மேல நிக்கிறது? அன்னைக்கு வண்டிய ஓட்டிட்டு வந்தவருல்ல இவரு?"

அந்தம்மாவுக்கு மெதுவாகப் பேச வராது. சந்து முழுக்கக் கேட்டது. தனபால் தலையைக் குனிந்து போனைப் பார்த்தான்.

"இப்பக் கையெடுத்துக் கும்புடுறாரு. அன்னைக்குக் கண்ணாடியக்கூட எறக்கலையே" என்றார் பேச்சியம்மா. யாரையும் குற்றம் சொல்கிற குரலாக இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

கைபிடிக்க வரிசையில் நின்ற இரண்டு பேர் விலகிச் சுவரோரம் போனார்கள். தனபால் எழுந்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கார் நின்ற பக்கம் நடந்தான். கூட வந்தவர்களில் சிலர் பின்னால் போனார்கள், சிலர் போகவில்லை. ஸ்டெல்லா வெளியே வந்து பேச்சியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாங்கம்மா. அண்ணன் உள்ள இருக்கு." நான் அந்த நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்ப் பெட்டியின் தலைமாட்டில் போட்டேன். பங்குச்சாமி வந்து ஜெபம் சொல்லும் வரைக்கும் அந்தம்மா அதில்தான் உட்கார்ந்திருந்தார்.

வெளியே தனபாலின் கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. மச்சானுக்குக் கொஞ்சம் உயிர் இருந்திருந்தால் பெட்டியிலிருந்து எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்தக் காருக்குப் பின்னால் ஓடியிருப்பார். "வயசானவுக ஏதோ பேசிட்டாக, மனசுல வச்சுக்காத" என்று ஜன்னலைப் பிடித்துக் கெஞ்சியிருப்பார். எனக்குச் சந்தேகமே இல்லை. பெட்டியை எட்டிப் பார்த்தேன். நல்லவேளை, அன்றைக்கு அவரால் எழுந்திருக்க முடியவில்லை.